பலகையில் இல்லாதவன்

லீமா, 18 ஜனவரி 2004

அன்புள்ள வெனான்சியோ சித்தப்பாவுக்கு,

உங்கள் முழங்கால் எப்படி இருக்கிறது? ஆடுகள் குட்டி போட்டனவா? இங்கே அம்மாவுக்கு இருமல் குறைந்திருக்கிறது. வெயில் வந்துவிட்டால் அவள் தானாக எழுந்து உட்கார்ந்துவிடுவாள். எனக்கு ஒரு குறையும் இல்லை. அதே தையல் கூடம், அதே வேலை.

ஒரு விஷயம் கேட்கத்தான் எழுதுகிறேன். போன மாதம் ஓரம் அடிக்க எங்களுக்கு ஒரு கட்டு கழுத்துத் துணி வந்தது. வெளிநாட்டுக் கடைகளுக்குப் போகிற சரக்கு. துணி முழுக்க நம் மலை ஆட்கள்: நூல் நூற்பவள், ஏர் பிடித்தவன், யாழ் வாசிப்பவன். கறை பட்ட ஒன்றைக் கழித்துப் போட்டார்கள். அம்மாவுக்குத் தலையில் கட்ட ஆகுமே என்று கொண்டுவந்தேன். அவள் கட்டவில்லை. மடியில் விரித்து ஒவ்வோர் உருவத்தின் மேலும் விரலை வைத்தாள்.

"இது ஹெனெரோசா. இது அவ கொழுந்தன் அத்தனாசியோ. இது யாழ்க்கார இசித்ரோ."

பதினான்கு பேரையும் சொன்னாள். துணியில் ஓர் எழுத்துக்கூட இல்லை, சித்தப்பா.

"சிப்ரியானோ வீட்டுப் பலகைடி இது. உங்கப்பா செஞ்ச பலகை" என்றாள்.

விசாரித்தேன். அந்தப் பலகை இங்கே ஓர் அருங்காட்சியகத்தில் இருக்கிறதாம். பக்கத்தில் ஓர் அட்டை: 'ஓவியர் பாவுலினோ.' பாவுலினோ செத்துவிட்டார், வாரிசு இல்லை, அதனால் யாரையும் கேட்க வேண்டாம் என்று துணிக் கம்பெனி அச்சடித்துவிட்டது.

சிப்பாய்கள் அப்பாவைக் கொண்டுபோனபோது எனக்கு ஆறு வயது. அவர் முகம் நினைவில்லை. போட்டோவும் இல்லை. அவர் கையால் ஆன ஒன்று உலகத்தில் மிச்சம் இருக்கிறதென்றால் அதில் அவர் பெயர் ஏற வேண்டும். அப்பாவும் நீங்களும் ஒரே அறையில் வேலை செய்தீர்கள். பலகையை வரைந்தது அப்பாதான் என்று நீங்கள் சொன்னால் போதும்.

உங்கள் மகள்,
எர்மெலிந்தா


வில்காபுக்யோ, 9 பிப்ரவரி 2004

மகள் எர்மெலிந்தாவுக்கு,

நான் சொல்லச் சொல்ல, பள்ளிக்கூட மாஸ்டர் உபால்தோ கடையில் உட்கார்ந்து எழுதுகிறார். நான் இருக்கிறேன். முழங்காலும் இருக்கிறது. பதினொரு குட்டி, இரண்டை நரி கொண்டுபோனது. அண்ணிக்கு யூகலிப்டஸ் இலையைக் கொதிக்கவைத்து ஆவி பிடிக்கச் சொல்.

பாவுலினோவை ஓவியர் என்று எழுதி வைத்திருக்கிறார்களா? மாஸ்டர் இதைப் படித்ததும் கடையில் இருந்த அத்தனை பேரும் சிரித்தார்கள். பாவுலினோவுக்குக் கதவுக்குச் சுண்ணாம்பு பூசக்கூட வராது. சிப்ரியானோவின் மூத்த பையனுக்கு ஞானத்தகப்பனாக நின்றவன் அவன். ஆகவே சிப்ரியானோ புது வீடு கட்டியபோது, வீட்டாரை வரைந்து உத்தரத்தில் கட்டுகிற பலகையைக் கொடுக்க வேண்டியது அவன் பொறுப்பு. அடியில் மாதாவுக்குப் பக்கத்தில் 'பாவுலினோ அன்புடன் அளித்தது' என்று எழுதியிருக்கும். கொடுத்தவன் பேரைத்தான் எழுதுவோம். கூரைக்கு ஓடு சுட்டவன் பேரை ஓட்டில் எழுதுகிறோமா? படித்தவர்களுக்கு இது தெரியவில்லை.

பலகை எனக்கு இன்றும் அப்படியே தெரிகிறது. அடியில் மாதா. அதற்கு மேல் சிப்ரியானோவும் ஹெனெரோசாவும், அவள் கையில் நூல் நூற்கிற கதிர். மேலே அவன் தம்பிகள், அவர்கள் பெண்டாட்டிகள். அத்தனாசியோவின் நாய்க்கு ஒரு காது கறுப்பு. உச்சியில் சூரியன், மீசையோடு.

மழையில் பாதை சரிந்துவிட்டது. இந்தக் கடிதம் எப்போது வந்து சேருமோ தெரியாது. உடம்பைப் பார்த்துக்கொள்.

சித்தப்பா வெனான்சியோ


லீமா, 27 பிப்ரவரி 2004

அன்புள்ள சித்தப்பாவுக்கு,

நரி விட்டுவைத்த ஒன்பதும் நலமா? இங்கே நாங்கள் நலம்.

நாயின் காது முதற்கொண்டு சொன்னீர்கள். கேட்டதற்குப் பதில் சொல்லவில்லை. அம்மாவிடம் படித்துக் காட்டினேன். "வெனான்சியோ அப்படித்தான். சந்தைக்கு வழி கேட்டா மேகத்தைப் பத்திச் சொல்லும்" என்றாள்.

படைப்புரிமை அலுவலகத்துக்குப் போய் வந்தேன். அங்கே உதவுகிற வக்கீல் அம்மா ஒருவர் தாள் ஒன்று தயாரித்துக் கொடுத்திருக்கிறார். 'இந்தப் பலகையை வரைந்தவர் என் அண்ணன் மெலித்தோன் கன்சாரி. அவர் வரைவதை நான் கண்ணால் கண்டேன்.' அவ்வளவுதான். அடியில் கட்டம் போட்டிருக்கிறது, உங்கள் கட்டைவிரலுக்கு. மாஸ்டரிடம் மை இருக்கும். ஏப்ரல் முடிவதற்குள் வேண்டும்.

அண்ணன் பெயருக்காக ஒரு விரல், சித்தப்பா. இதைவிடக் கம்மியாக யாரிடமும் கேட்டதில்லை.

எர்மெலிந்தா


வில்காபுக்யோ, 11 ஏப்ரல் 2004

மகள் எர்மெலிந்தாவுக்கு,

உன் கடிதம் வந்து நாளாகிவிட்டது. உயிர்த்த ஞாயிறு இன்று; பூசை முடிந்து எல்லோரும் நலமாக இருக்கிறோம். உருளைக்கிழங்கு பரவாயில்லை. முழங்கால் காரணமாகக் கடைப்பக்கம் இறங்க முடியவில்லை.

நீ அனுப்பிய தாளைக் கூரை மூங்கிலில் செருகி வைத்திருந்தேன். ஒழுகி நனைந்துவிட்டது. எழுத்தெல்லாம் ஓடிவிட்டதாக மாஸ்டர் சொல்கிறார்.

பேர் எதற்கு மகளே? பாவுலினோ பேரே இருந்துவிட்டுப் போகட்டும். அவனுக்கு இனி யாராலும் ஒரு தொந்தரவும் வராது.

அண்ணியைக் கேட்டதாகச் சொல்.

சித்தப்பா வெனான்சியோ

(மாஸ்டர் உபால்தோ எழுதுவது: தாள் நனையவில்லை. கூரை ஒழுகவும் இல்லை. பெரியவர் அதைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு திரிகிறார். மை கொண்டுவரட்டுமா என்றால் எழுந்து போய்விடுகிறார். உங்களுக்குத் தெரிந்திருக்கட்டும்.)


லீமா, 30 ஏப்ரல் 2004

சித்தப்பாவுக்கு,

எல்லோரும் நலம். நலம் விசாரிக்க எனக்கு இன்று பொறுமை இல்லை.

ஞாயிற்றுக்கிழமை அருங்காட்சியகத்துக்குப் போனேன். கண்ணாடிக்குப் பின்னால் நிற்கவைத்திருக்கிறார்கள். என்னைவிட உயரம். அந்த நீலம், சித்தப்பா. ஹெனெரோசாவின் பாவாடையில் இருக்கிற நீலம். அவள் நம்மைப் பார்த்துக் கோபித்துக்கொள்ளப் போகிற மாதிரி வாயை வைத்திருக்கிறாள். இந்த வாயை வரைந்தவர் எப்படிப்பட்ட மனுஷனாக இருந்திருப்பார் என்று யோசித்துக்கொண்டே நின்றேன். காவலாள் வந்து, "கண்ணாடியில கை வைக்காதீங்கம்மா" என்றான். "எங்கப்பா வரைஞ்சது" என்றேன். அவன் அட்டையைப் பார்த்தான். என்னைப் பார்த்தான். "சரிம்மா. கையை எடுங்க" என்றான்.

சிப்பாய்கள் வந்த அன்று மைதானத்தில் அத்தனை பேர் முன்னால் அப்பா, 'நான்தான் வரைந்தேன்' என்று சொன்னாராம். ஊரே கேட்டது என்று அம்மா சொல்கிறாள். ஊரே கேட்டதை நீங்கள் மட்டும் சொல்ல மாட்டீர்களா? அவர் பெயர் வெளியே வந்தால் உங்களுக்கு என்ன குறைந்துபோகும்?

இதோடு வேறு தாள் வைத்திருக்கிறேன். கெடுவை ஜூன் வரை தள்ளிப் போட்டிருக்கிறார்கள். இதுவும் நனைந்தால் இனி உங்களுக்கு எழுத மாட்டேன்.

எர்மெலிந்தா


உவாமங்கா, 23 மே 2004

மகள் எர்மெலிந்தாவுக்கு,

நலமா என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. நலமாக இரு.

இது மாஸ்டர் எழுதுவது அல்ல. நேற்று லாரி ஏறி நகரத்துக்கு வந்தேன். சந்தையில் தட்டச்சுப் பெட்டியோடு உட்கார்ந்திருக்கும் ஒருவர் அடித்துக் கொடுக்கிறார். இவருக்கு நம் ஊர் தெரியாது. நம் ஊருக்குள் இதைச் சொல்ல இருபத்தொரு வருஷமாக ஒருவருக்கும் நாக்கு புரளவில்லை.

உன் அப்பா நாலு வகுப்புப் படித்தவன். நான் பள்ளிக்கூடம் போனதில்லை. யார் பலகை வேண்டும் என்று வந்தாலும் அவனிடம்தான் பேசுவார்கள். கதவைச் சாத்திக்கொண்டு செய்வோம். வீட்டுக்காரன் முன்கூட்டிப் பார்த்துவிடக் கூடாது. பலகையைச் சீவி வெள்ளை பூசுவது அவன். நெருப்புக் கரியாலும் கோழி இறகாலும் உருவம் போடுவது நான். நிறம் கொடுப்பது நான். எல்லாம் காய்ந்த பிறகு ஒவ்வோர் உருவத்துக்குக் கீழும் பேர் எழுதுவது அவன். எனக்கு எழுத்து தெரியாது, அவனுக்கு வரைய வராது. நீ கழுத்துத் துணியில் பார்த்ததில் அவன் செய்தது எதுவும் இல்லை. எழுத்தை எடுத்துவிட்டுத்தானே அச்சடித்திருக்கிறார்கள்.

1983 பிப்ரவரியில் உடுப்புக்காரர்கள், ராணுவத்துச் சிப்பாய்கள், வந்தார்கள். துப்பாக்கி எடுத்துக் காட்டில் ஒளிந்திருந்த கிளர்ச்சிக்காரர்களுக்கு சிப்ரியானோ வீட்டில் சோறு போட்டார்கள் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். வீட்டுக்குள் போனவர்கள் பலகையைப் பார்த்தார்கள். உத்தரத்திலிருந்து அறுத்து எடுத்து, மைதானத்தில் கோயில் சுவரில் சாய்த்து வைத்தார்கள். எங்கள் எல்லோரையும் நிறுத்தினார்கள். தலைவன் பலகையைப் பார்த்துப் பேர் படித்தான். உன் அப்பா எழுத்து, தெளிவாக இருக்கும். பேரைப் படிப்பான், படத்தைப் பார்ப்பான், எங்கள் முகங்களைப் பார்ப்பான். யாரும் அவனுக்கு அடையாளம் காட்ட வேண்டியிருக்கவில்லை. என் படம் காட்டிக் கொடுத்தது. ஹெனெரோசா முக்காட்டை இழுத்து விட்டிருந்தாள். அந்த வாயை வைத்தே கண்டுபிடித்துவிட்டான். ஒன்பது பேர்.

பிறகு கேட்டான்: "யாருடா இதை வரைஞ்சது? ஆளை உரிச்சு வச்ச மாதிரி இருக்கே. மத்த வீட்டுக்கும் ஒண்ணொண்ணு வரைஞ்சு குடுக்கட்டும். எங்களுக்கு வேலை மிச்சம்."

அறுபது பேர் நின்றோம். அத்தனை பேருக்கும் தெரியும். ஒருவர்கூட என் பக்கம் திரும்பவில்லை. நான் கையைப் போர்வைக்குள் வைத்திருந்தேன். நகத்தில் நீலம் இருந்தது.

"நான்தாங்க" என்றான் உன் அப்பா.

கையில் கரித்துண்டைக் கொடுத்து, "இந்தச் சுவத்துல என்னை வரை பார்ப்போம்" என்றான் தலைவன். மெலித்தோன் வரைந்தான். உருளைக்கிழங்கு மூட்டைக்குக் கை முளைத்த மாதிரி இருந்தது. அவனால் முடிந்தது அவ்வளவுதான். சிப்பாய்களில் ஒருவன் சிரித்துவிட்டான். தன்னைக் கேலி பண்ணுகிறான் என்று தலைவன் நினைத்தான். அதற்கு மேல் நடந்ததைச் சொல்ல மாட்டேன். ஒன்பது பேரோடு அவனையும், பலகையையும் லாரியில் ஏற்றினார்கள்.

என்னைக் காப்பாற்ற அப்படிச் சொன்னானா, ஊரைக் காப்பாற்ற அப்படிச் சொன்னானா என்று எனக்குத் தெரியாது. நான் முன்னால் வந்து நின்றிருந்தால் பயத்தில் ஊர் முழுவதையும் வரைந்து கொடுத்திருப்பேன். அது அவனுக்குத் தெரிந்திருக்கும். அன்றிலிருந்து இறகைத் தொடவில்லை. ஆனால் ஊரில் யாரைப் பார்த்தாலும் பலகையில் எந்த இடத்தில் நிறுத்தலாம் என்று கண் தானாக அளக்கிறது. அதனால் முகத்தைப் பார்த்துப் பேசுவதை விட்டுவிட்டேன்.

உன் தாளில் விரல் வைத்தால் உன் அப்பா பேர் ஏறும், எனக்கும் சௌகரியம். இத்தனை வருஷம் அந்தச் சௌகரியத்தில்தான் இருந்தேன். வைக்க முடியவில்லை மகளே. தாளைத் திருப்பி அனுப்புகிறேன், காய்ந்த தாள்.

வெனான்சியோ


லீமா, 2 ஆகஸ்ட் 2004

சித்தப்பாவுக்கு,

நாங்கள் நலம். உங்கள் நலத்துக்கு எழுதவும்.

இதை மாஸ்டர் கடையில் உரக்கப் படிப்பார் என்று தெரியும். ஆகவே சுருக்கமாக எழுதுகிறேன். இரண்டு மாதம் எழுதாமல் இருந்தேன். முதல் மாதம் கோபம். இரண்டாவது மாதம் என்னவென்று எனக்கே பிடிபடவில்லை. தையல் கூடத்தில் மறுபடியும் அந்தத் துணி வந்தது. எனக்கு வேறு வேலை கொடுங்கள் என்று கேட்டு வாங்கிக்கொண்டேன்.

அம்மாவிடம் எல்லாவற்றையும் படித்துக் காட்டினேன். அவள் அழவில்லை. என்னிடம் சொல்லி, உங்களுக்கும் எழுதச் சொன்னது இது:

"அவருக்கு ஒரு கோழி வரையத் தெரியாதுன்னு கல்யாணத்துக்கு முன்னாடியே எனக்குத் தெரியும். செஞ்சாருன்னுதான் உன்கிட்டச் சொன்னேன். வரைஞ்சாருன்னு சொன்னேனா?"

வக்கீல் அம்மா கெடுவை மறுபடி தள்ளி வைத்து வேறு தாள் எழுதியிருக்கிறார். அதில் இருக்கிற பெயர் வேறு. இதற்கு விரல் போதாது, ஆள் வர வேண்டும். செப்டம்பர் 14, படைப்புரிமை அலுவலகம். பஸ் சீட்டு உள்ளே இருக்கிறது. அம்மா உலர்ந்த உருளைக்கிழங்கு கேட்கிறாள், கறுப்பு.

எர்மெலிந்தா


வில்காபுக்யோ, 19 ஆகஸ்ட் 2004

மகளுக்கு,

வருகிறேன். நல்ல சட்டை ஒன்று இருக்கிறது. உருளைக்கிழங்கு ஒரு மூட்டை, கறுப்பு. அண்ணி சொன்னதை மாஸ்டர் மூன்று தடவை படித்தார். "இதுல என்ன இருக்கு?" என்று புரியாமல் கேட்டுக்கொண்டே இருக்கிறார்.

வெனான்சியோ


லீமா, 26 செப்டம்பர் 2004

அன்புள்ள சித்தப்பாவுக்கு,

பத்திரமாக ஊர் போய்ச் சேர்ந்தீர்களா? பஸ்ஸில் மூட்டைக்காரர்கள் யாரும் உங்கள் காலில் உட்காரவில்லையே? அம்மா நலம். நீங்கள் கொண்டுவந்த கிழங்கை எண்ணி எண்ணித்தான் சமைக்கிறாள்.

என்னை உள்ளே விடவில்லை. சாட்சி தனியாகத்தான் பேச வேண்டுமாம். ஒரு மணி நேரம் வாசல் நாற்காலியில் இருந்தேன். வெளியே வந்தீர்கள், மீன் சோறு வாங்கித் தந்தேன், பாதி தின்றீர்கள், பஸ் ஏறிவிட்டீர்கள். உள்ளே என்ன நடந்தது என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. கேட்கக் கூடாதென்றால் கேட்கவில்லை. ஆனால் வேறொரு நகரத்துக்குப் போய் வேறொருவரிடம் சொல்லித்தான் எனக்குத் தெரியவேண்டும் என்று இருக்க வேண்டாம்.

எர்மெலிந்தா


வில்காபுக்யோ, 10 அக்டோபர் 2004

மகள் எர்மெலிந்தாவுக்கு,

வந்து சேர்ந்தேன். ஒருவன் காலில் உட்கார்ந்தான். நல்லவேளை, நோகிற கால் இல்லை.

இதை மாஸ்டர் உபால்தோதான் எழுதுகிறார். கடையில் ஏழு பேர் இருக்கிறார்கள். கேட்கட்டும். இவர்களில் நாலு பேர் அன்று மைதானத்தில் நின்றவர்கள்.

உள்ளே ஓர் அம்மா, கண்ணாடி போட்டவர். பலகையின் போட்டோவை மேசையில் வைத்திருந்தார். "பெரியவரே, இதை யார் வரைஞ்சது?" என்றார்.

"நான்" என்றேன். சொல்லி முடித்தும் யாரும் என்னை ஒன்றும் செய்யவில்லை. அது எனக்கு விநோதமாக இருந்தது.

"பேர் எழுதினது?"

"எங்கண்ணன். மெலித்தோன்."

"அப்ப இந்தத் துணிக்காரங்களுக்கு அனுமதி குடுக்கிறதும் மறுக்கிறதும் உங்க உரிமை. குடுக்கிறீங்களா?"

"வரைஞ்சது நான். குடுக்கிறதுக்கு என்னோடது இல்லீங்களே. பாவுலினோ சிப்ரியானோ வீட்டுக்குக் குடுத்தது."

"சிப்ரியானோ வீட்டு ஆளுங்க எங்க இருக்காங்க?"

போட்டோவில் ஒவ்வொருவராகக் காட்டினேன். இவர் போனார், இவள் போனாள் என்று. அந்த அம்மா எழுதிக்கொண்டே வந்தார். ஐந்தாவது ஆளுக்குப் பிறகு எழுதுவதை நிறுத்திவிட்டார். துணியை நிறுத்தச் சொல்லுங்கள், அது போதும் என்றேன்.

பிறகு, "கோச்சுக்காதீங்க. எழுதத் தெரியாதவர்தான் வரைஞ்சாருன்னு கோப்புல ஒரு சான்று வேணும். ஏதாவது ஓர் உருவம் போட்டுக் காட்டுங்க" என்று தாளும் பேனாவும் தள்ளினார்.

இருபத்தொரு வருஷம். பேனா பிடித்தே பழக்கம் இல்லை. யாரை வரைவது என்று யோசிக்கவில்லை. அதுவாக வந்தது. மெலித்தோன் அந்தப் பலகையில் கிடையாது. அவன் சிப்ரியானோவுக்கு உறவு இல்லை. எந்தப் பலகையிலும் அவனை நான் வரைந்ததில்லை. ஒரே அறையில் எதிரில் உட்கார்ந்திருப்பவனை யார் வரைவார்கள்?

அந்த அம்மா தாளைத் தன் பக்கம் திருப்பினார். "இது யாரு?" என்றார். சொன்னேன். தாளில் முத்திரை குத்தினார். "இதை நான் எடுத்துக்கிட்டுப் போகலாமா, அவன் மகள் வெளியே இருக்கா" என்று கேட்டேன். கோப்பை விட்டு வெளியே போகக் கூடாதாம். அதனால்தான் உன்னிடம் வெறுங்கையோடு வந்தேன். வெறுங்கையோடு வந்து என்ன சொல்வது?

சொல்லி முடித்துவிட்டேன். இசித்ரோவின் தம்பி எழுந்து எனக்கு ஒரு குவளை சாராயம் ஊற்றினான். அதையும் எழுதச் சொன்னேன்.

சித்தப்பா வெனான்சியோ


லீமா, 21 நவம்பர் 2004

அன்புள்ள சித்தப்பாவுக்கு,

நலம், நலமறிய ஆவல் என்று வழக்கமாக எழுதுவதை இன்று உண்மையாகவே எழுதுகிறேன்.

துணிக் கம்பெனி அச்சை நிறுத்திவிட்டது. விற்றது விற்றதுதான், அதைத் திருப்ப முடியாதாம். அருங்காட்சியக அட்டையை மாற்றிவிட்டார்கள். 'உருவங்கள்: வெனான்சியோ கன்சாரி. எழுத்து: மெலித்தோன் கன்சாரி.' அதே காவலாள் இருந்தான். கண்ணாடியில் கை வைத்தேன். வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நின்றான்.

கோப்பிலிருந்து அந்தப் படத்துக்கு நகல் எடுத்துக் கொடுத்தார்கள். முத்திரை தோளில் விழுந்திருக்கிறது. என் மூக்கு யாருடையது என்று இத்தனை நாள் தெரியாது. இப்போது தெரிகிறது.

இறந்தவர்கள் நாளன்று அம்மா ஒவ்வொரு வருஷமும் தன் அம்மாவுக்கும் அப்பாவுக்கும் மட்டும்தான் தட்டு வைப்பாள். என் அப்பாவுக்கு வைத்ததே இல்லை. யாராவது கேட்டால், "அவரே வந்து கேட்கட்டும், போடறேன்" என்பாள். இந்த வருஷம் நகலைச் சுவரில் ஒட்டி, அதன் முன்னால் கிழங்குச் சூப்பும் ரொட்டியும் வைத்தாள். படத்துக்கு அருகில் போய்ப் பார்த்தாள். பிறகு சொன்னாள்:

"எல்லாம் சரியா இருக்கு. தொப்பி மட்டும் தப்பு. இடது காதை மூடி இப்படி இழுத்துப் போடுற ஆளே இல்ல அவர். பின்னால தள்ளித்தான் போடுவார், நெத்தி தெரியும். வெனான்சியோவுக்கு மறந்துபோச்சா?"

கேட்டு எழுதச் சொன்னாள். அதனால் எழுதுகிறேன்.

உங்கள் மகள்,
எர்மெலிந்தா


வில்காபுக்யோ, 5 டிசம்பர் 2004

மகள் எர்மெலிந்தாவுக்கு,

நான் நலம். அண்ணி சூப்பு வைத்தது நல்லது.

மறக்கவில்லை என்று அவளிடம் சொல். பின்னால் தள்ளித்தான் போடுவான், நெற்றி தெரியும். அவள் சொல்வதுதான் சரி.

அன்று லாரியில் ஏறும்போது அவன் தலையில் தொப்பி இல்லை, இடது காது பார்க்கிற நிலையில் இல்லை. படத்தில் தொப்பியை நான்தான் வைத்தேன், அந்தக் காது மறைகிற மாதிரி. அந்தப் படத்தில் நானாகச் சேர்த்தது அது ஒன்றுதான்.

சித்தப்பா வெனான்சியோ